எதிர்த்தரப்புச் சம்பந்தி

மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்த வாரத்திலேயே பவுடரக்காவுக்கு வேலை போயிற்று. நல்லதும் கெட்டதும் ஒரே வண்டியில் வந்து இறங்கிய மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளையைப் பெற்ற மனுஷன்தான் வேலை போன இடத்தில் நிர்வாக அதிகாரி. பெண் கேட்டு வந்து பலகாரத் தட்டை நீட்டிய அதே கைதான், "நாளை முதல் வரத் தேவையில்லை" என்ற தாளிலும் இயக்குநருக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது.

அரசுத் தொலைக்காட்சி நிலையம் ஊருக்கு மேற்கே ஒரு மேட்டில் இருந்தது. எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் அதன் கோபுரம் தெரியும். உள்ளே, ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, பாதி பல்பு எரியாது. பவுடரக்காவின் ராஜ்ஜியம் அதுதான். அமைச்சர், டாக்டர், பாட்டுக்காரர், உரம் போடுவது பற்றிப் பேச வந்த விவசாயி, எல்லாரும் அவள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடியதும் பெரிய மனுஷனும் சின்னப் பிள்ளையாகிவிடுவான். முகத்தைத் துடைத்து, எண்ணெய் எடுத்து, கழுத்து நிறத்தையும் முக நிறத்தையும் ஒன்றாக்கி, நெற்றிப் பளபளப்பை அடக்கி அனுப்புவாள். கேமரா பொய் சொல்லாது என்கிறார்களே, அதில் பாதி அவள் கைவேலை.

மகள் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். மகள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த பிறகும் அவள் அங்கே நாள்கூலிதான். மாதா மாதம் கூப்பிட்டால்தான் வேலை. ஆனால் கூப்பிடாத மாதம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அம்மாவைக் கூட்டிப்போக வந்த மகளும், அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த அதிகாரி மகனும் காவலாளி அறை வாசலில் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதிகாரி அடிக்கடி மூக்குக்கண்ணாடியை மறந்தார். மறக்கவைத்தது மகன்தான் என்பது பின்னால் தெரிந்தது. பையனுக்குப் பல் டாக்டரிடம் பொய்ப்பல் செய்கிற வேலை. நல்ல பிள்ளை. "பொய்ப்பல்லும் பவுடரும் சேர்ந்தா முகம் முழுசாச்சு" என்று பவுடரக்கா சிரித்து ஒத்துக்கொண்டாள்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். நாள்கூலி ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு ஏஜென்சிக்கு வேலையைக் கொடுத்துவிடலாம் என்றார். பவுடரக்கா, நாடகங்களுக்குச் செட் போடுகிற தச்சர், துணிக்கு இஸ்திரி போடுகிற அம்மா, எல்லாருக்கும் ஒரே நாளில் தாள் வந்தது. தச்சரை எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக, நெட்டையாக, தலை மட்டும் தட்டையாக இருப்பார்.

தொழிற்சங்கத்து வக்கீலம்மாவிடம் எல்லாரும் போனார்கள். பழைய வழக்குக் கட்டுகளின் தூசியில் அந்த அம்மாவுக்கு எப்போதும் தும்மல். இரண்டு பேச்சுக்கு ஒரு தும்மல்.

"உங்களை நிறுத்தினது சரியா தப்பான்னு அப்புறம் பாக்கலாம்," என்றாள் வக்கீலம்மா. "அதுக்கு முன்னால ஒரு படி ஏறணும். அந்த நிலையம் சட்டப்படி ஒரு தொழில்னு நாம நிரூபிக்கணும்."

"தொழில் இல்லாம பின்ன என்னம்மா, பொழுதுபோக்கா?" என்றாள் பவுடரக்கா.

"அவங்க கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லப்போறாங்க. இது அரசாங்கத்தோட குரல், போலீஸ் மாதிரி, கோர்ட்டு மாதிரி. அறிவையும் கலையையும் பரப்புற சேவை, லாபம் பாக்கல, அதனால தொழில் இல்ல. தொழிலே இல்லாத இடத்துல தொழிலாளி எங்கேருந்து வருவான்? தொழிலாளி இல்லைன்னா நோட்டீஸ் குடுக்க வேணாம், நஷ்ட ஈடு வேணாம், காரணம் சொல்ல வேணாம்."

"அப்போ நான் இத்தனை வருஷம் அடிச்ச ஆணியெல்லாம் என்ன? சேவையா?" என்றார் ஆணி.

"உங்களைக் கலைஞர்கள்னு எழுதியிருக்காங்க. 'அவ்வப்போது அழைக்கப்படும் கலைஞர்கள்.'"

பவுடரக்கா சிரித்துவிட்டாள். "இருந்தவரைக்கும் 'இந்தாம்மா பவுடரு'ன்னு கூப்பிட்டாங்க. வெளிய தள்ளினப்புறம் கலைஞராம். செத்த மாடு பத்துப் படி கறக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

"லாபம் வந்தாதான் தொழில்னு கிடையாது," என்றாள் வக்கீலம்மா. "ஆளை வச்சு, ஒழுங்கா வேலை வாங்கி, ஜனங்களுக்கு வேணும்கிறதைச் செஞ்சு குடுத்தா அது தொழில்தான். அதை ஜட்ஜ் ஒத்துக்கணும். அவ்வளவுதான் கேஸு." ஒரு பெரிய தும்மல் போட்டாள். நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யாரும் கேட்கவில்லை.

பவுடரக்காவின் புருஷனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் வேலை. மீன் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் இழுத்துப் போடுவார். சாயங்காலம் வந்தால் விரல்கள் வெளுத்து, நீட்ட முடியாமல் இருக்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார்.

"நாங்க பண்ற ஐஸு மத்தியானத்துக்குள்ள உருகித் தண்ணியாப் போயிடுது. அது தொழில். நீங்க பண்றது காத்துல போகுது. அது மட்டும் தொழில் இல்லையா? என்ன சட்டமோ."

மழை நாளொன்றில் சம்பந்தி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை காற்றில் மேல்நோக்கி மடங்கி, வழுக்கைத் தலையில் தண்ணீர் வழிய. பின்னாலேயே அவர் மனைவி. அவர் எவ்வளவு ஒடிசலோ அந்த அம்மா அவ்வளவு பூரிப்பு. நுழையும்போதே சிரிப்பு முதலில் வரும், ஆள் பின்னால் வரும். சம்பந்தி துண்டை வாங்கித் தலையைத் துடைத்தார். டீ வந்தது. குடிக்கவில்லை. அவித்த உருளைக்கிழங்கும் வறுத்த மீனும் வந்தன. தொடவில்லை.

"ஏன் சம்பந்தி, எங்க வீட்டு மீன் உங்களைக் கடிக்காது," என்றார் ஐஸ்காரர்.

"எனக்கு ஒரு சங்கடம் வந்திருக்கு," என்றார் சம்பந்தி. "கேஸ்ல நிலையத்துக்காகச் சாட்சி சொல்ல என்னைப் போட்டிருக்காங்க."

அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மகள் அங்கே இருந்தாள்.

"கூண்டுல ஏறி என்ன சொல்லணும்?" என்று கேட்டாள் பவுடரக்கா.

"நிலையம் தொழில் இல்லைன்னு சொல்லணும். நீங்க தொழிலாளி இல்லைன்னு சொல்லணும்." தரையைப் பார்த்தே சொன்னார். "யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணு, நீங்க கேஸை விட்டுடறது. நான் இயக்குநர்கிட்ட பேசி ஏஜென்சி மூலமா ஏதாவது ஏற்பாடு பண்றேன். இல்லைன்னா கேஸ் முடியிற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்."

"கேஸ் முடியிறதுக்குள்ள பொறக்காத பேரனுக்கே மீசை முளைச்சிடும்," என்றார் ஐஸ்காரர்.

மகள் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். மாமனார் ஆகப்போகிறவர் என்று பேச்சைக் குறைக்கவில்லை.

"மாமா, எங்கம்மா கேஸை வாபஸ் வாங்கினா நான் உங்க வீட்டுக்கு வரமாட்டேன். அம்மா வேலையை வித்து வந்த மருமகள்னு நான் உங்க வீட்ல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? தள்ளிப் போடறதும் வேணாம். நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, அம்மா சொல்ல வேண்டியதை அம்மா சொல்லட்டும். எனக்கு உங்க மகன்தான் வேணும், உங்க சாட்சி இல்ல."

சம்பந்தியம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள். "இதைத்தான் நான் பஸ்ஸுல வரும்போது சொன்னேன். இவரு கேக்கல. ஆபீஸ்ல ஒரு வாய், வீட்ல ஒரு வாய் வச்சுக்கங்கன்னேன். 'எனக்கு இருக்கிறது ஒரே வாய்'ங்கிறாரு. அதைத் திறந்து அந்த மீனையாவது சாப்பிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள், சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசில் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அது வெளியே வந்தது.

"நீங்க நினைக்கிற மாதிரி நான் இயக்குநருக்குப் பயந்து சொல்லப்போறதில்ல," என்றார். "எனக்கே அப்படித்தான் தோணுது. சின்ன வயசுல அந்தக் கோபுரத்தைப் பார்த்துட்டு அங்கதான் வேலைக்குப் போவேன்னு சொன்னவன் நான். புயல் வந்தப்போ மூணு நாள் வீட்டுக்கு வராம, எந்தத் தெருவுல தண்ணி, எந்தப் பாலம் போச்சுன்னு சொல்லிட்டே இருந்தோம். நீங்களும் இருந்தீங்க. அதைப் போய் தொழில், முதலாளி, கூலின்னு... அந்த இடம் எனக்குக் கோயில் மாதிரி."

பவுடரக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் புயல் அவளுக்கும் நினைவிருந்தது. செய்தி வாசிக்கிறவன் தூங்காமல் கண் சிவந்து கிடந்தான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறைத்து மறைத்து விரல் மரத்துப்போயிற்று. மேலே கூரைத் தகரம் படபடத்தது.

"எனக்கும் அது கோயில்தான் சம்பந்தி," என்றாள். "ஆனா கோயில்ல விளக்கு துடைக்கிறவளுக்கும் வயிறு உண்டு. தொழில்னு சொன்னா ஏன் உங்களுக்குக் குறைச்சலாப் படுது? தொழில்னா எனக்குப் பெருமை. நீங்க அதை இல்லைன்னு சொல்லும்போதுதான் நான் இத்தனை வருஷமும் சும்மா விளையாடிட்டு இருந்த மாதிரி இருக்கு."

சம்பந்தி தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. நன்றாகத்தான் இருந்தது போல.

கிளம்பும்போது சம்பந்தியம்மா ஒரு விதி வைத்தாள். கோர்ட்டில் எதிரி, வீட்டில் சம்பந்தி. இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றக் கூடாது. வீட்டுக்குள் கேஸ் பேச்சு கூடாது.

விதி மெத்தைக் கடையில் உடைந்தது. கட்டிலும் மெத்தையும் பார்க்க இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் போயிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒவ்வொரு மெத்தையாக உட்கார்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது, நிலையத்தின் அலைவரிசை. சோப்பு விளம்பரம் வந்தது.

"இது என்ன சேவை சம்பந்தி? ஜனங்க அழுக்கைப் போக்குற சேவையா?" என்றாள் பவுடரக்கா.

"வீட்ல பேசக் கூடாதுன்னு விதி இருக்கு."

"இது கடை."

சம்பந்தி கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "விளம்பரம் நம்ம நோக்கம் இல்ல. நிகழ்ச்சி நடத்த ஒரு உபவருமானம், அவ்வளவுதான். லாபத்துக்குப் போடல."

பஞ்சை உதறிக்கொண்டிருந்த மெத்தைக் கடைக்காரர் நிமிர்ந்தார். கட்டைக் குரல். "சார் அந்த டிவி ஆபீஸா? வாங்க வாங்க, உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். போன பண்டிகை சீசன்ல உங்ககிட்ட விளம்பரம் குடுத்தேன். எட்டு மணிச் செய்திக்கு முன்னால போடறேன்னு சொல்லி ரேட்டு வாங்கிட்டு, காலைல உடற்பயிற்சி நிகழ்ச்சில போட்டுட்டீங்க. அந்த நேரத்துல எழுந்திருக்கிறவன் மெத்தை வாங்குவானா சார்? மெத்தை வாங்குறவன் அப்ப மெத்தைலதான் கிடப்பான்."

"எட்டு மணிக்கு ரேட்டு அதிகம். நீங்க குடுத்தது காலை ரேட்டு," என்றார் சம்பந்தி, தன்னை மறந்து. "பிரைம் டைம் பட்டியல் தனி. புகார் இருந்தா விற்பனைப் பிரிவுல..."

நிறுத்திக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஐஸ்காரர் கூரையைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விற்பனைப் பிரிவா," என்றாள் பவுடரக்கா மெதுவாக. பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, ஒரு நாள் கோர்ட்டுக்கு வர முடியுமா?" என்றாள்.

"எங்கே வேணா வரேன்மா. ரொம்ப நாளா இதைச் சொல்ல ஒரு இடம் தேடிட்டு இருக்கேன்."

சம்பந்தி ஒரு தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானே கூட்டிட்டு வந்து எதிர்த்தரப்புச் சாட்சியைக் காட்டிக் குடுத்திருக்கேன்," என்றார். அன்றுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். மெத்தை அந்தக் கடையிலேயே வாங்கினார்கள். கடைக்காரர் தலையணையைச் சும்மா கொடுத்தார்.

தொழிலாளர் நீதிமன்றம் பழைய கட்டடம். வெயில் காலத்தில் அதன் நடைபாதை அடுப்பு மாதிரி. விசாரணை அன்று எல்லாரும் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பவுடரக்கா, ஆணி, இஸ்திரியம்மா, தும்மிக்கொண்டு வக்கீலம்மா, மெத்தைக்காரர். இன்னொரு பக்கம் இயக்குநரும் நிலையத்து வக்கீலும். நடுவில் சம்பந்தி. கூண்டில் ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. முகம் வெளிறி, வழுக்கையிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கைக்குட்டை நனைந்து கசங்கிப் போயிருந்தது. அவர் மனைவி, "விழுந்துடப்போறாரு, யாராவது பாருங்களேன்," என்றாள்.

பவுடரக்காவுக்குக் கை நிற்கவில்லை. அந்த மாதிரி முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. எழுந்து போய் எதிரில் நின்றாள்.

"முகத்தைக் காட்டுங்க சம்பந்தி. கண்ணை மூடுங்க."

அவர் மூடினார். பையிலிருந்து சுத்தமான துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து நெற்றியை ஒற்றினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில். மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். கொஞ்சம் பவுடரை உள்ளங்கையில் தட்டி மெல்லப் பூசினாள். அவர் தோள் இறங்கியது. அமைச்சர்களுக்கு இறங்குவது மாதிரியே.

நிலையத்து வக்கீல் ஓடி வந்தார். "என்னம்மா இது, எங்க சாட்சியைக் கலைக்கிறீங்களா?"

"கலைக்கல சார். கலைஞ்சு கிடந்ததை ஒழுங்கு பண்றேன்."

இயக்குநர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவரும் அந்த நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தவர்தான்.

முதலில் மெத்தைக்காரர் ஏறினார். நிலையத்து வக்கீல், "கலையையும் அறிவையும் வளர்க்கிற நிறுவனத்துக்குத்தானே நீங்க பணம் குடுத்தீங்க?" என்று மடக்கப் பார்த்தார். "நான் கலைக்குக் காசு குடுக்கல ஐயா. மெத்தைக்குக் குடுத்தேன். அதுவும் விக்கல," என்றார் அவர். நீதிபதி தலையைக் குனிந்து எதையோ தேடுவது போல் இருந்தார். தோள் மட்டும் குலுங்கிற்று.

பிறகு சம்பந்தி. ஆபீஸ் எழுதிக் கொடுத்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: நிலையம் மக்கள் சேவை, தொழில் அல்ல, இவர்கள் அவ்வப்போது வரும் கலைஞர்கள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. பவுடரக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தெரிந்ததுதான், இருந்தாலும் காதால் கேட்பது வேறு.

வக்கீலம்மா எழுந்தாள். "இவங்க எப்போ வரணும்னு யார் சொல்றது?"

"நாங்கதான்."

"பவுடர், பிரஷ் யாருது?"

"நிலையத்துது."

"லேட்டா வந்தா?"

சம்பந்தி தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத ஆள். "கூலியில பிடிப்போம்."

"கலைஞர்கள் லேட்டா வந்தா பிடிப்பீங்களா? பாட வர்றவங்களுக்கு?"

"இல்ல. அவங்களுக்குக் காத்திருப்போம்."

வக்கீலம்மா தும்மினாள். அது முடியட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "புயல் சமயத்துல இவங்க வரலைன்னா ஒளிபரப்பு நடந்திருக்குமா?"

சம்பந்தி நனைந்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். இது எழுதிக் கொடுத்ததில் இல்லை. பவுடரக்கா இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நடந்திருக்காது. முகம் மட்டுமில்ல. தகரம் பிச்சுக்கிட்டுப் போனப்போ ஸ்டுடியோ கூரையைப் பலகை வச்சு அடைச்சது அதோ உக்காந்திருக்காரே, அவரு. இவங்க இல்லாம நாங்க எதையும் காட்டியிருக்க முடியாது. எனக்கு அது சேவைன்னுதான் தோணுது ஐயா. ஆனா அந்தச் சேவையை இவங்க வேலை செஞ்சுதான் நடத்தினோம். அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் சொல்லணும்."

ஆணி மூக்கை உறிஞ்சினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்களும் பவுடர் போடுற அந்தம்மாவும் உறவுன்னு கேள்விப்பட்டேன்?"

"ஆகப்போறோம் ஐயா."

"கல்யாணம் தீர்ப்புக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. தேதியை மாத்த மருமக ஒத்துக்கல."

"அப்போ நான் அவசரப்பட வேண்டியதில்ல," என்றார் நீதிபதி.

கல்யாணம் நடந்தது. மேடை போடுவதை ஆணி தானாகவே ஏற்றுக்கொண்டார். முன்னாலிருந்து பார்த்தால் அரண்மனை: தூண், வளைவு, மாடம், பூவேலை. ஆனால் ஆயுசு முழுக்க நாடகச் செட் போட்டுப் பழகிய கை, கேமரா பார்க்காத பக்கத்தை அந்தக் கை கண்டுகொள்ளாது. பின்னால் சமையல் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வெறும் சட்டமும் முட்டுக்கட்டையும்தான். சாயங்காலக் காற்றில் ஒரு தூண் மெதுவாக, மரியாதையாக, மாப்பிள்ளை மேல் சாய்ந்தது. அட்டைத் தூண். பிள்ளை ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் பெண்ணின் கையை விடாமல் நின்றான். "இப்பவே பாரம் தூக்கப் பழகிக்கோ மாப்பிள்ளை," என்றார் ஐஸ்காரர். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

மகளுக்கு அலங்காரம் செய்தது பவுடரக்காதான். எத்தனையோ முகம் பார்த்தவளுக்கு அந்த ஒரு முகத்தில் மட்டும் கை ஓடவில்லை. பூசப் பூசக் கண்ணீர் வந்து கரைத்தது. யார் கண்ணீர் என்று கேட்டால் இரண்டு பேருடையதும்தான். கடைசியில் மகள், "போதும்மா, நான் இப்படியே நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். இருந்தாள்தான்.

தீர்ப்பு வந்தபோது மழை மறுபடி பிடித்திருந்தது. நீதிபதி நிறைய வாசித்தார். பவுடரக்காவுக்குப் பாதி புரியவில்லை. லாபம் நோக்கம் இல்லாவிட்டாலும், அரசாங்கத்துடையது என்றாலும், ஆட்களை வைத்து முறையாக மக்களுக்குப் பணி செய்கிற இடம் தொழில்தான், விளம்பரத்துக்கு நேரத்தை விலைக்கு விற்கிற இடம் தன்னைக் கோர்ட்டோடும் போலீஸோடும் சேர்த்துக்கொள்ள முடியாது, இவர்கள் தொழிலாளிகள், நிறுத்தியது செல்லாது, மறுபடி வேலை கொடுக்க வேண்டும். வக்கீலம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஜெயிச்சுட்டோம்கா." சொல்லிவிட்டுத் தும்மவில்லை. அதுவே பெரிய அதிசயமாக இருந்தது.

மேல்முறையீடு போகலாம் என்றார் நிலையத்து வக்கீல். இயக்குநர் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் சட்டம் இல்லை. முந்தின வாரம் ஏஜென்சி அனுப்பிய ஆள் போட்ட பூச்சில் அமைச்சர் ஒருவர் பேட்டி கொடுத்து, மறுநாள் முழுக்க அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஊரே விசாரித்ததாம். மாலை போட வந்தவர்கள்கூட உண்டாம். அதற்குப் பிறகு ஏஜென்சி ஆளும் வரவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் அவரவர் முகத்தை அவரவரே பூசிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் பவுடரக்கா வீட்டில். மகளும் மாப்பிள்ளையும் ஈரக் குடையோடு வந்தார்கள். சம்பந்தியம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் ஏதோ இனிப்புச் செய்து தூக்கிக்கொண்டு வந்தாள். ஆணி வந்தார். கடைசியாக ஆபீஸ் முடிந்து சம்பந்தி வந்தார். தோற்ற களை கொஞ்சம் இருந்தது. ஆனால் இனிப்பைக் கேட்டு வாங்கினார்.

"ஒரு சமாச்சாரம் தெரியுமா சம்பந்தி?" என்றாள் பவுடரக்கா. "வக்கீலம்மா சொன்னாங்க. அந்தச் சட்டம் தொழிலாளிக்குத்தானாம். நீங்க அதிகாரி, உங்களுக்குக் கிடையாதாம். நாளைக்கு உங்களை நிறுத்தினா யாரு கேப்பா?"

"நீங்கதான் கேக்கணும்," என்றார் சம்பந்தி, வாய் நிறைய இனிப்போடு. "செய்தியைப் போடுங்க. நம்ம விஷயம் வருது. நம்ம சேதியை நாமளே சொல்லலைன்னா அடுத்த சேனல்காரன் சொல்லிடுவான்னு செய்தி ஆசிரியர் சண்டை போட்டு வாங்கியிருக்காரு."

ஐஸ்காரர் டிவியைப் போட்டார். எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். பவுடரக்காவை நடுவில், எல்லாருக்கும் முன்னால் உட்காரவைத்தார்கள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செய்தி வாசிப்பவர் வந்தார். முதலில் மழை, பிறகு துறைமுகம். பிறகு அவர் தாளைத் திருப்பி, குரலைச் சரிசெய்துகொண்டு, அரசுத் தொலைக்காட்சி நிலையம் சட்டப்படி ஒரு தொழிலே என்று தொழிலாளர் நீதிமன்றம் இன்று தீர்ப்பளித்தது என்று ஆரம்பித்தார். ஆணி கண்ணைத் துடைத்தார். சம்பந்தியம்மா கை தட்டத் தயாரானாள். எல்லாரும் பவுடரக்கா முகத்தையே பார்த்தார்கள்.

பவுடரக்கா முன்னால் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"என்ன கண்றாவி இது," என்றாள். "நெத்தியைப் பாருங்க, எண்ணெய்ச் சட்டி கவுத்த மாதிரி மினுங்குது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். தலையைக் கழட்டி மாட்டின மாதிரியில்ல இருக்கு."

"அம்மா, உன் சேதிம்மா, கேளு."

"இருடி. மூக்குக்கு அந்தப் பக்கம் பூசவே இல்ல. லைட்டு அங்கதான விழும். இந்தப் பையனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஐயோ, புருவத்துல பவுடர் அப்படியே நிக்குது."

"சம்பந்தி, உங்களைப் பத்தித்தான் சொல்றான்," என்றார் சம்பந்தி.

"என்ன சொன்னா என்ன, யாரு அவன் பேச்சைக் கேப்பா? எல்லாரும் அந்த நெத்தியைத்தான் பாத்துட்டு இருப்பாங்க."

அதற்குள் செய்தி முடிந்து வானிலை வந்துவிட்டது. வீடே சிரித்தது. ஐஸ்காரர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டினார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பவுடரக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "என்ன, வந்துடுச்சா? என்ன சொன்னான்?" என்று கேட்டதும் அடங்கியவர்களும் மறுபடி ஆரம்பித்தார்கள். கடைசியில் அவளும் புரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க சம்பந்தி. காலைச் செய்திக்கு முன்னால அந்த நெத்தியை எப்படியாவது சரி பண்ணணும்."

"வரேன்," என்றாள் பவுடரக்கா. "சீக்கிரம் வந்தா ஓவர்டைம் உண்டுல்ல?"

சம்பந்தி வாயைத் திறந்தார். மூடினார். மருமகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை.

"தொழிலாப் போயிடுச்சே," என்றார். "உண்டு."